ஊரும் மாநிலமும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூர் ஆலயங்களில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குருக்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே: பெயர், நட்சத்திரம். அறிந்தவர்கள் இராசியையும் சேர்த்துச் சொல்வர். கோத்திரம் தெரிந்தவர்கள் அதனையும் கூறுவர். ஊரை எவரும் கேட்பதில்லை. தமிழகத்துச் சிற்றூர்க் கோயில்களில் நிலைமை வேறு. புதிய முகம் ஒன்று படியேறக் கண்டதும் பூசாரியின் வாயிலிருந்து வரும் முதற்கேள்வியே "எந்த ஊரு?" என்பதுதான். இவ்விரு வழக்கங்களுக்கும் நடுவே ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு கிடக்கிறது.

அண்மையில் சிராங்கூன் சாலை வட்டாரத்துக் குடும்பம் ஒன்றில் திருமணம் நிச்சயமாயிற்று. முதல் அழைப்பிதழைக் குலதெய்வத்தின் காலடியில் வைக்கவேண்டும் என்று மணமகளின் பாட்டனார் விரும்பினார். எண்பது வயதைக் கடந்த அப்பெரியவர் பிறந்ததும் வளர்ந்ததும் சிங்கப்பூரில்தான். 'ஏரிக்கரை ஐயனார்' என்று தம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறார். எந்த ஏரி, எந்த ஊர் என்று இளமையில் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்த பழைய தகரப் பெட்டியைத் துழாவியதில் மஞ்சள் பூத்த அஞ்சலுறை ஒன்று கிடைத்தது. அதில் மங்கிய மையில் ஒரு சிற்றூரின் பெயர். அதன் கீழே 'திருக்கோவிலூர் தாலுகா, தென்னார்க்காடு ஜில்லா'. பேரப்பிள்ளைகள் கணினியில் இன்றைய தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்துத் தேடினர். அப்படி ஒரு மாவட்டமே அதில் இல்லை.

அக்குடும்பம் தேடியது கிடைத்ததா என்பதைப் பின்னர்க் காணலாம். தேடுவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாடு என்னும் மாநிலம், சிங்கப்பூர்த் தமிழ்ச் சமுதாயத்தைவிட வயதில் மிக இளையது.

1819ஆம் ஆண்டில் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து நாராயண பிள்ளை இத்தீவில் வந்து இறங்கியபோது சென்னை மாகாணம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழி பேசுவோரும் ஒரே மாகாணத்தில் அடங்கியிருந்தனர். புதுக்கோட்டை தனி மன்னராட்சி. 1948 வரை அந்நிலை நீடித்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம்; 1954 வரை அவர்கள் அங்கே இருந்தனர். கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூருக்கு உட்பட்டது. ஆந்திரம் 1953இல் பிரிந்தது; மொழிவழியாக எல்லைகள் வகுக்கப்பட்டது 1956 நவம்பர் முதல் நாளில். மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13ஆம் நாள் உயிர்துறந்தார். பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் 1967 ஜூலை 18ஆம் நாள் நிறைவேறி, 1969 பொங்கல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூர் குடியரசானது 1965இல். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகச் சட்டத்தில் இடம்பெற்றதும் அவ்வாண்டிலேயே. தமிழ்நாடு என்னும் பெயர் அரசாங்க ஏடுகளில் ஏறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே தமிழ் இங்கு அரியணை ஏறிவிட்டது என்பதை இளைஞர்கள் பலர் அறியார்.

ஆகவே, பாய்மரக் கப்பலிலும் நீராவிக் கப்பலிலும் வந்த முன்னோர் எவரும் 'தமிழ்நாட்டிலிருந்து வந்தேன்' என்று சொல்லியிருக்க இயலாது. அவர்கள் சொன்னது நாகப்பட்டினம், கடலூர், காரைக்கால், நாகூர், தேவகோட்டை, கடையநல்லூர் என்பனவே. மாநிலத்தை எவரும் மூட்டைகட்டிக் கொண்டுவர முடியாது. ஊரைக் கொண்டுவரலாம். அவர்கள் கொண்டுவந்தது ஊரைத்தான்.

வந்த வழியையும் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். நாகப்பட்டினம் இராசராச சோழன் காலத்திலேயே கடல்கடந்த உறவுக்குப் பெயர்பெற்ற துறைமுகம். ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய பௌத்த விகாரத்திற்குச் சைவ மன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தானமாக அளித்த செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. அதே துறைமுகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்த் தோட்டங்களுக்கும் துறைமுகப் பணிகளுக்கும் ஏழை மக்கள் ஏற்றப்பட்டனர். ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றும் முறையை இந்திய அரசாங்கம் 1938இல் தடைசெய்தது. அதற்குப் பிறகும் சொந்தச் செலவில் வந்தவர்கள் உண்டு. மூத்தவர்கள் பலருக்கு இன்றும் நினைவில் நிற்கும் பெயர் 'ராஜுலா'. 1926இல் கட்டப்பெற்ற அக்கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரும். மேல்தளப் பயணிகள் பாய் விரித்து, தாங்களே கொண்டுவந்த புளிச்சோற்றையும் ஊறுகாயையும் உண்டு ஏறக்குறைய ஒரு வாரத்தைக் கழித்தனர். அம்மை, காலரா ஐயம் எழுந்தால் செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி ஒதுக்கி வைத்தனர். கரையைக் கண்ணால் கண்டும் காலடி வைக்க முடியாத அந்நாள்களைப் பற்றித் தாத்தாக்களும் பாட்டிகளும் அதிகம் பேசியதில்லை. எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985இல் தீக்கு இரையான பின்னர் அக்கடல்வழிப் பயணமும் பழங்கதையாயிற்று.

இறங்கியவர்கள் முதலில் செய்தது என்ன? சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827ஆம் ஆண்டில் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் அமைந்த சிறு கோயிலில் மாரியம்மனை எழுந்தருளச் செய்தனர். நாகப்பட்டினம், கடலூர் வட்டாரங்களிலிருந்து வந்தவர்களே அதனை எழுப்பினர் என்பது ஆலய வரலாறு. இக்கோயிலுக்கு அருகிலேயே சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலும் அதே காலத்தில் எழுந்தது. சோழமண்டலக் கடற்கரை ஊர்களில் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே நிற்பது எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பாகவே இங்கும் அவை நின்றன. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா எழுந்ததும் அந்த ஆண்டுகளிலேயே.

மாரியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் தீமிதித் திருவிழா, ஊர் இங்கே எவ்வாறு உயிரோடு இருக்கிறது என்பதற்குத் தலைசிறந்த சான்றாகும். பார்க்க வருவோர் பலரும் தீக்குழியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். அது திரௌபதி அம்மன் வழிபாட்டின் இறுதிப் பகுதியே. இரண்டு மாதங்களுக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் சடங்குகள் மகாபாரதக் கதையைத் தொடர்ந்து செல்கின்றன. கொடியேற்றம், அர்ச்சுனன் திரௌபதி திருக்கல்யாணம், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, பெரியாச்சி பூசை, துரியோதனன் படுகளம் என்று கதை நகர்ந்து, சபதம் முடித்த திரௌபதி கூந்தலை முடிந்த பிறகே தீமிதி வருகிறது.

இவ்வழிபாட்டின் தாயகம் பழைய தென்னார்க்காட்டுச் சீமை. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் மூலத்தலமாக அவ்வட்டார மக்கள் போற்றுகின்றனர். அங்கே பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைப்பார். இரவு முழுவதும் தெருக்கூத்து நடைபெறும். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் உருவம் ஊர்ப் பொட்டலில் மல்லாந்து கிடக்கும். அங்கே திரௌபதிக்குக் காவல் நிற்பவர்களுள் ஒருவர் முத்தால ராவுத்தர் என்னும் இசுலாமியர் என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து அழும் திருநங்கையரின் விழாவும் இதே மண்ணில், இதே கதையின் கிளையாக நிகழ்வதே.

சிங்கப்பூரில் விடிய விடியக் கூத்தாடப் பொட்டல் ஏது? கூத்து சுமந்த கதையைப் பூசையும் சடங்குமே இங்குச் சுமக்கின்றன. மாதமும் மாறியிருக்கிறது. அங்கே இவ்விழா பெரும்பாலும் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில், வயல் வேலை ஓய்ந்த கோடையில் வருகிறது. இங்கோ ஐப்பசியில், தீபாவளிக்குச் சற்று முன்னர் நடைபெறுகிறது. வயலே இல்லாத நகரில் அறுவடைக் கணக்கு யாருக்கு வேண்டும்! ஆயினும் ஒரு நுட்பத்தை மட்டும் முன்னோர் கைவிடவில்லை. தீமிதி நாளன்று பக்தர்களின் ஊர்வலம் புறப்படுவது சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து. திரௌபதி கண்ணனுக்குத் தங்கை முறை. அண்ணன் வீட்டிலிருந்து தங்கையின் வீட்டுக்கு என்று நடந்து செல்லும் அவ்வூர்வலத்தில் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. இதனை விளக்கிச் சொல்வோர் குறைந்துவிட்டனர் என்பதுதான் வருத்தம்.

இனிச் சிராங்கூன் சாலைக்கு வருவோம். 'லிட்டில் இந்தியா' என்னும் பெயர் சுற்றுலாத் துறை வளர்ந்த பிறகு பரவிய பெயர். 1989இல் இவ்வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டபோது அப்பெயர் நிலைபெற்றுவிட்டது. தமிழர் வாயில் அது என்றும் தேக்காதான். மூங்கிற் புதரின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சந்தைக் கட்டடத்திற்கு 1980களில் மாண்டரின் உச்சரிப்பில் 'சூஜியாவ்' என்று பெயரிட்டனர். சீனரும் அழைக்கவில்லை, தமிழரும் அழைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் மீண்டும் தேக்கா என்றே மாற்றினர். மக்கள் நாவில் ஏறிய பெயரைப் பலகையிலிருந்து எடுக்கலாம். நாவிலிருந்து எடுக்க முடியாது.

அதனினும் பழைய பெயர் ஒன்று உண்டு. 1881இல் அமைந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை முன்னாளில் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று வழங்கினர். கம்பம் என்பது கம்போங் என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற் சூளைகளும் இப்பகுதியில் புகைந்துகொண்டிருந்தன. இத்தீவின் முதற் செங்கற் சூளையை நடத்தியவரும் நாராயண பிள்ளையே. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்துக் குழைத்து, சங்குபோல் பளபளக்கச் சுவர் பூசும் கலை சென்னைப் பக்கத்துக் கொத்தனார்களுடையது. 1862இல் திருநிலைப்படுத்தப்பெற்ற செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்கு அதே பூச்சுத்தான் பூசப்பட்டது. பூசிய கைகள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகளுடையவை. 1825 முதல் 1873 வரை இந்நகரின் சாலைகளையும் பாலங்களையும் கட்டடங்களையும் உருவாக்கியதில் அவர்களுக்குப் பெரும்பங்குண்டு. செட்டிநாட்டு மாளிகைச் சுவரைத் தடவிப் பார்த்து வியப்பவர்கள், நகரின் நடுவிலுள்ள இச்சுவரையும் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

கால்நடைத் தொழிலும் இவ்வட்டாரத்தில் செழித்திருந்தது. எருமைச் சாலை, எருமை எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லைத் தாங்கிய கெர்பாவ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வணிகரின் பெயரால் அமைந்த பெலிலியோஸ் சாலை எனத் தெருப்பெயர்களே அதற்குச் சாட்சி. பசுவை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து பால் கறந்து கொடுத்த பால்காரர்களைப் பற்றி மூத்தவர்கள் சுவைபடக் கூறுவர். இன்று மாட்டுப் பொங்கலுக்குப் பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நிறுத்த, குழந்தைகள் வரிசையில் நின்று பார்க்கின்றனர். தஞ்சைத் தரணியில் சம்பா அறுத்த புது நெல் களத்தில் குவிந்திருக்கும் காலம் தை. இங்கே கேம்பல் லேன் கடைகளில் இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் கரும்பும் குவிந்தால் அதுவே அறுவடை.

செட்டிநாட்டைப் பற்றி ஓரிரு சொற்கள். நகரத்தார் 1859இல் டேங்க் சாலையில் ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்தை நிறுவினர். தைப்பூசக் காவடிகள் சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து அங்குச் சென்று சேர்வதை யாவரும் அறிவர். அவர்களுடைய தொழிற்களம் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள். ஒரு நீண்ட கூடம். ஒவ்வொரு விலாசத்திற்கும் ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். பகலில் அலுவலகம், இரவில் படுக்கை. முகவராக வந்தவர் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார். பர்மாத் தேக்கும் கவுனி அரிசியும் கீழை நாடுகளிலிருந்து செட்டிநாட்டு வீடுகளுக்குள் புகுந்தது அவ்வழியாகவே. அக்கிட்டங்கிகள் நின்ற இடத்தில் இப்போது வானளாவிய வங்கிகள் நிற்கின்றன. தொழில் என்னவோ மாறவில்லை!

கடையநல்லூர் மக்களின் கதை வேறு. ஆண்கள் தனியே வந்து பணம் அனுப்பிய காலத்தில் அவர்கள் மனைவி மக்களோடு வந்து தஞ்சோங் பகார் பகுதியில் குடியமர்ந்தனர். 1946இல் அவர்கள் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை தமிழ்வழிக் கல்வி அளித்தது. ஊர்ச் சங்கம் என்பது வெறும் விருந்துக் கூட்டமாக இல்லாமல் பள்ளிக்கூடமாக மாறியது போற்றத்தக்கது.

அன்றாட வாழ்வில் கொண்டுவந்ததும் கலந்ததும் எது என்று பிரித்தறிவது எளிதன்று. கடை, பெட்டி, கட்டில், கப்பல் ஆகிய தமிழ்ச் சொற்கள் மலாய் மொழியில் குடியேறி நெடுங்காலமாயிற்று. தமிழர் கம்பத்தையும் கித்தாவையும் பெற்றுக்கொண்டனர். அயல்நாட்டார் தென்னிந்திய உணவு என்று தேடிவந்து உண்ணும் மீன்தலைக் கறி, தமிழகத்துக் கிராமத்தில் எவருக்கும் அவ்வடிவில் தெரியாது. 1949ஆம் ஆண்டளவில் கேரளத்தைச் சேர்ந்த ஓர் உணவுக்கடைக்காரர், சீன வாடிக்கையாளர் விரும்பும் மீன்தலையைத் தம் ஊர்க் குழம்பில் இட்டு ஆக்கியது அது. வாசற்கோலம் அடுக்குமாடி நடைபாதைக்கு ஏறிவிட்டது. பொங்கற் பானை எரிவாயு அடுப்பில் பொங்குகிறது. அடுத்த வீட்டு மலாய் அம்மையாருக்கும் சீன அம்மையாருக்கும் ஒரு கிண்ணம் போகிறது. 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தபின் எந்தக் குடியிருப்பும் ஓரினத்தாருக்கு மட்டும் உரியதாக இல்லை. நாட்டு நலனுக்கு அது நல்லது. ஆனால், ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் வாழ்ந்து, 'இன்னாருடைய பேத்தி' என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்த காலம் முடிந்தது. எஞ்சியிருக்கும் சந்திப்பிடம் ஆலயமே.

அவ்வாலயத்தில் ஞாயிறு மாலைகளில் வந்து நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர், கடலூர் மாவட்டங்களிலிருந்து கட்டுமானத்திற்கும் கப்பல் பட்டறைக்கும் வந்திருக்கும் இளைஞர்கள். சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் இவர்களுக்கு 'ஊர்க்காரர்' என்று பெயர். தமிழில் ஊர்க்காரர் என்றால் தன் ஊரைச் சேர்ந்தவர், உறவுக்கு அடுத்த நிலையில் இருப்பவர் என்பது பொருள். இங்கே அச்சொல் 'நம்மவர் அல்லர்' என்னும் பொருளில் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு மொழியில் ஒரு சொல் இவ்வாறு தலைகீழாகப் புரள்வது சிறிய செய்தியன்று. 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. ஆனால், 'அவர்களுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை' என்று அந்நாள்களில் முந்திக்கொண்டு சொன்னவர்களுள், அதே மாவட்டங்களிலிருந்து மேல்தளப் பயணிகளாக வந்தவர்களின் பேரர்களும் இருந்தனர்.

அஞ்சலுறையை வைத்துக்கொண்டு தேடிய குடும்பத்திற்குத் திரும்புவோம். தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. திருக்கோவிலூர் வட்டம் அதனுள் சென்றது. அவ்வட்டத்தின் பழைய ஊர்களுள் சில அதற்கு முன்பே கண்டாச்சிபுரம் வட்டத்திற்குப் போய், விழுப்புரத்திலேயே தங்கிவிட்டன. பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்கள்!

இத்தொல்லை ஒரு குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. 'தஞ்சாவூர் ஜில்லா' என்று பத்திரம் வைத்திருப்பவரின் ஊர் இன்று தஞ்சாவூரிலும் இருக்கலாம்; 1991இல் பிரிந்த நாகப்பட்டினத்திலோ, 1997இல் பிரிந்த திருவாரூரிலோ, 2020இல் பிரிந்த மயிலாடுதுறையிலோ இருக்கலாம். 'இராமநாதபுரம் ஜில்லா' எனில் 1985இல் உருவான சிவகங்கையாகவோ விருதுநகராகவோ இருக்கக்கூடும். கடையநல்லூர் திருநெல்வேலியை விட்டு 2019இல் தென்காசி மாவட்டத்திற்குச் சென்றுவிட்டது. இடையே சில ஆண்டுகள் மாவட்டங்கள் தலைவர்களின் பெயர்களைத் தாங்கி நின்றன. 1997இல் அப்பெயர்கள் நீக்கப்பட்டன. இன்று 38 மாவட்டங்கள். ஆகையால், பழைய தாளில் ஜில்லாவின் பெயரைக் காட்டிலும் தாலுகாவும் அஞ்சல் நிலையமும் பெறுமதி மிக்கவை. ஏரி, ஆறு, பக்கத்துச் சந்தை, திருவிழா மாதம் என்று வீட்டுப் பெரியவர் நினைவுகூரும் எதனையும் அற்பமென்று தள்ளலாகாது. மாவட்டத்தின் பெயரை அரசாங்கம் மாற்றும். ஏரிக்கரை ஐயனாரை எவரும் இடம் மாற்றுவதில்லை.

அப்பெரியவர் ஒரு ஞாயிறன்று ஆலயத் திண்ணையில் அமர்ந்து அவ்வுறையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் பிரசாதத் தொன்னையோடு உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஐயா, இந்த ஊரு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்கப்பா பிறந்த ஊர் தம்பி. எங்கே இருக்குன்னுதான் தெரியலை."

"எங்க ஊருக்குப் பக்கத்துலதான் ஐயா. ஏரிக்கரையில மண் குதிரை நிக்குமே, அந்த ஐயனார் கோயிலுக்கு எங்க அத்தை வீட்டுக்காரங்க வருசா வருசம் பொங்கல் வைப்பாங்க."

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை என்பர். பின்னர்த் தம் பையிலிருந்த எழுதுகோலை எடுத்து, அவ்விளைஞரிடமே கொடுத்து, உறையின் பின்புறத்தில் வழியை எழுதச் சொன்னார். எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்த ஆலமரத்தடியில் இறங்குவது, ஊருக்குள் யாரைக் கேட்பது என்று அவர் வரிவரியாக எழுதிக் கொடுத்தார்.

தை மாதத்தில் அக்குடும்பத்தார் பதினொருவர் அங்குச் சென்றனர். ஏரியில் பாதிதான் நீர் இருந்தது. குதிரைகளில் ஒன்றுக்குக் காது உடைந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய பூசாரி அழைப்பிதழை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு?" என்றார். "சிங்கப்பூர்" என்றாள் மணமகள். அவர் தலையை அசைத்துவிட்டு, "அது சரிம்மா, நீங்க எந்த ஊரு?" என்று மறுபடியும் கேட்டார். அவள் பாட்டனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காலடி மண்ணைக் காட்டி, "இந்த ஊருதான்" என்றார். பூசாரி தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார்.